ஒரு கையெழுத்துத்தானே?



போன மாதம் நிலையத்தில் இருந்து என்னை அழைத்தார்கள். "அக்கா, மற்றவர்கள் கேட்கும்போது இல்லை என்று சொல்லப் பழகுவதைப் பற்றி ஒரு இருபது நிமிடம் பேசுவீர்களா?" என்று கேட்டார்கள். நான் உடனே என்ன சொன்னேன் தெரியுமா? "பாப்பம் தம்பி." தொலைபேசியை வைத்த பிறகுதான் எனக்கே சிரிப்பு வந்தது. எதைப்பற்றிப் பேசக் கூப்பிட்டார்களோ அந்த வருத்தம் இன்னும் முழுதாக மாறவில்லை என்பதை அந்த ஒரு சொல்லிலேயே காட்டிவிட்டேன்.

இந்தப் "பாப்பம்" எங்கள் சனத்தின் சொல். ஊரில் இதற்கு எத்தனையோ பொருள் இருந்தது. சொல்லுகிறவர் எப்படி இழுத்துச் சொன்னார், முகத்தை எங்கே வைத்திருந்தார் என்று பார்த்து, கேட்டவர் விளங்கிக்கொண்டு போய்விடுவார். ஒரே ஒழுங்கையில் இருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. இங்கே ஸ்காபரோவில் ஒருவர் தொலைபேசியில் கேட்கிறார், நீங்கள் வேலைக்குப் போகிற பேருந்தில் நின்றுகொண்டு "பாப்பம்" என்கிறீர்கள். அவர் அதை "ஓம்" என்று கேட்கிறார். நீங்கள் "இல்லை" என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கிப் போகிறீர்கள்.

ஆங்கிலத்தில் "நோ" என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. தமிழில் அதை நாங்கள் நாலாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இல்லை, வேண்டாம், ஏலாது, மாட்டன். இதில் "வேண்டாம்" என்பதை யாருமே நம்புவதில்லை. என் மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஒரு மாமி வீட்டில் பாலப்பம் கொடுத்தார்கள். பிள்ளை "வேண்டாம் மாமி, தாங்ஸ்" என்றது. மாமி திரும்பவும் நீட்ட, பிள்ளை திரும்பவும் அதையே சொன்னது. மூன்றாம் தரம் நான் வாங்கிப் பிள்ளையின் கையில் திணித்தேன். வீட்டுக்கு வந்து ஏச்சும் கொடுத்தேன். இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் தரம் வாங்குவதுதானே மரியாதை! பிள்ளைக்கு உண்மையிலேயே பசியில்லை என்பது எனக்குப் பெரிய விசயமாகப் படவில்லை.

சரி, நான் பேச வந்தது பாலப்பத்தைப் பற்றியல்ல. எங்கள் வீட்டில் 2006ஆம் ஆண்டு வைத்த ஒரு கையெழுத்தைப் பற்றி.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. என்னுடைய வீட்டுக்காரர் 1986இல் இங்கே வந்தவர். சென்ற் ஜேம்ஸ் ரவுனில் ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்றில் ஏழு பேர். இரவு வேலைக்காரர் எழும்பிப் போக, பகல் வேலைக்காரர் வந்து அதே மெத்தையில் படுக்கிற காலம். அந்த வீட்டை எடுத்து வைத்திருந்த ஒரு அண்ணைதான் இவருக்கு இடம் கொடுத்தார். இவருக்கு வேலை கிடைக்கிறவரை மூன்று மாதம் வாடகை கேட்கவில்லை. 1990இல் என்னைக் கூப்பிட ஏஜென்சிக்காரனுக்குக் காசு காணாமல் நின்றபோது, அந்த அண்ணை நாலாயிரம் டொலர் கொடுத்தார். கடதாசி இல்லை, வட்டி இல்லை, சாட்சி இல்லை. அவரும் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவித்தான் அந்தக் காசைச் சேர்த்தவர். நாங்கள் 1993இல் அதைக் கொடுத்து முடித்துவிட்டோம். ஆனால் அப்படியான கடன் காசு கொடுத்தவுடன் முடிவதில்லை என்பது இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

2006 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கோப்பு. இன்னொருவரோடு சேர்ந்து பலசரக்குக் கடை போடப்போகிறார். வங்கி 40,000 டொலர் கொடுக்கும், ஆனால் நல்ல கிறெடிற் உள்ள ஒருவர் கோ-சைன் பண்ணவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, உன்ர காசு ஒரு சதம் எனக்கு வேண்டாம். ஒரு கையெழுத்துத்தானே" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நேயர்களே, அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். "நீ ஏதாவது சொல்லன்" என்பதுதான் அது. எனக்கு அந்தக் கடை ஓடும் என்ற நம்பிக்கை கொஞ்சமும் இருக்கவில்லை. அதே சந்தியில் ஏற்கெனவே இரண்டு தமிழ்க் கடைகள். நான் என்ன செய்தேன்? "அண்ணைக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று எழும்பிக் குசினிக்குள் போனேன். கேத்தில் கொதிக்கிறவரைக்கும் அங்கேயே நின்றேன். வெளியே வந்தபோது இவர் "பாப்பம் அண்ணை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அண்ணை தொலைபேசி எடுத்தார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வங்கியில் நேரம் எடுத்தாயிற்று, இரண்டு பேரும் வாருங்கள் என்றார். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் வங்கி என்னுடைய கையெழுத்தையும் கேட்டது. அந்த அலுவலர், பாவம், கடமைக்கு ஒரு முறை கேட்டார், ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று. நான் "நோ" என்றேன். அன்று நான் சொன்ன ஒரேயொரு "நோ" அதுதான்.

இப்போது அந்தக் கையெழுத்து என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் அது சாட்சிக் கையெழுத்து என்று நினைக்கிறவர்கள் இன்னமும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். "ஆள் நல்லவர் என்று சொல்லுகிறேன்" என்பதுபோல. அப்படியல்ல. கோ-சைன் பண்ணினால் அந்தக் கடன் உங்களுடைய கடன். பாதி அல்ல, முழுவதும். பத்திரத்தில் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று ஒரு வசனம் இருக்கும். அதன் கருத்து என்னவென்றால், வங்கி முதலில் அவரைத் துரத்திவிட்டுப் பிறகு உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாரிடம் சம்பளமும் வீடும் இருக்கிறதோ அவரிடம் நேரே வரலாம். உங்களிடம் அவை இருப்பதால்தானே உங்கள் கையெழுத்தைக் கேட்டார்கள்!

அந்தக் கடன் ஈக்குவிபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் ஆகிய இரண்டு நிறுவனங்களும் வைத்திருக்கும் உங்கள் கிறெடிற் அறிக்கையில் உங்கள் கடனாகவே ஏறலாம். பிறகு நீங்கள் உங்கள் தேவைக்கு ஒரு வங்கியிடம் போனால், இவருக்கு ஏற்கெனவே இவ்வளவு கடன் இருக்கிறது என்று அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அவர் தவணை தவறினால் அது உங்கள் பெயரிலும் விழும், வருடக்கணக்கில் நிற்கும். கடன் எடுத்தவர் வங்குரோத்து அறிவித்தாலோ, கடனில் ஒரு பகுதியை மட்டும் கட்டுவதாகச் சட்டப்படி உடன்பாடு செய்துகொண்டாலோ, அவர் தப்பலாம். அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. மிச்சம் உங்கள் தலையில். "எனக்கு இனி இது வேண்டாம், என் பெயரை எடுங்கோ" என்று நீங்கள் தனியே போய்ச் சொல்லவும் முடியாது. வங்கி சம்மதித்தால்தான் பெயர் எடுபடும். உங்களைவிட நல்ல கிறெடிற் உள்ள இன்னொருவரைக் கொண்டுவராமல் வங்கி ஏன் சம்மதிக்கப்போகிறது?

உறவினரை ஸ்பொன்சர் செய்யும்போது வைக்கிற கையெழுத்தும் ஏறக்குறைய இந்த மாதிரித்தான். வந்தவர் அந்தக் காலத்துக்குள் அரசாங்க உதவிப்பணம் எடுத்தால், எடுத்த காசை ஸ்பொன்சர் செய்தவர் திருப்பிக் கட்டவேண்டும். இதை எதிர்த்து ஒன்ராரியோவில் எட்டுப் பேர் வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2011இல் தீர்ப்பு வந்தது. அரசாங்கம் கஷ்டத்தைப் பார்த்து அறவிடுவதைப் பிற்போடலாம், கடனை இல்லாமல் ஆக்க ஏலாது என்பதுதான் தீர்ப்பு. பெற்றோரைக் கூப்பிடுகிறவர்களுக்கு முன்பு பத்து வருடமாக இருந்த பொறுப்பை 2014இல் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் இருபது வருடம் ஆக்கினார்கள். தாய் தகப்பனைக் கூப்பிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூரத்து உறவு ஒருவருக்காக உங்கள் பெயரைக் கேட்கும்போது, கேட்பது பெயரை மட்டும் அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கதைக்கு வருகிறேன். கடை 2008 கடைசியில் மூடப்பட்டது. பங்காளி விலகிவிட்டார். எங்களுக்கு அது தெரியாது. தெரிந்தபோது 2009 பிறந்துவிட்டது. அந்த வருடத்தின் முதல் ஐந்து மாதங்கள் எங்கள் சனத்துக்கு எப்படிப் போனது என்று நான் இந்த வானொலியில் சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்தவுடன் யூனிவேர்சிற்றி அவெனியூவுக்குப் போய் நிற்கிறோம். வன்னியில் இருந்து ஒரு தகவலும் இல்லை. இவருடைய தம்பி குடும்பம் உள்ளே இருந்தது. வங்கியிலிருந்து முதல் கடிதம் ஏப்ரலில் வந்தது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே உடைக்காமலே கிடந்தது. மே மாதம் இரண்டாவது வந்தது, அதுவும் அங்கேயே கிடந்தது. ஊர் எரிகிற நேரத்தில் ஒரு மனிதனுக்கு எடுத்து, "அண்ணை, உங்கட தவணை என்னாச்சு" என்று எப்படிக் கேட்பது? அவருடைய அக்காவும் உள்ளேதான் இருந்தார்.

ஜூன் மாதம் அந்தக் கடிதங்களை உடைத்தோம். மிச்சம் 31,600 டொலர். அண்ணையிடம் கட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவுமில்லை. இதை நான் வலியுறுத்திச் சொல்லவேண்டும். கடை ஓடவில்லை, அவ்வளவுதான். மாதம் 650 டொலர் வீதம் ஐந்து வருடம் நாங்கள் கட்டினோம். மகளுடைய படிப்புக்கென்று மாதம் மாதம் போட்டுவந்த காசை நிறுத்தினோம். 2011இல் அவள் பல்கலைக்கழகம் போனபோது, முழுக்க முழுக்க அரச கல்விக்கடன் எடுத்துத்தான் போனாள். கிழமைக்கு இருபது மணித்தியாலம் ஒரு சப்பாத்துக் கடையில் நின்றாள்.

அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருந்தது. அண்ணை எங்களைக் காண்பதைத் தவிர்க்கத் தொடங்கினார். கலியாண மண்டபத்தில் நாங்கள் ஒரு வாசலால் போனால் அவர் மற்ற வாசலால் போனார். நாங்களும் அவருக்கு எடுக்கவில்லை. முப்பது நாற்பது வருடம் நீடித்திருக்கவேண்டிய உறவு. அவருடைய மனம் நோகக்கூடாது என்றுதானே நாங்கள் கையெழுத்து வைத்தோம்? ஆளையும் இழந்தோம்.

இது நடந்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? இவருடைய தம்பி போரில் போய்விட்டார். தம்பியின் மனைவி, என்னுடைய மச்சாள், இரண்டு பிள்ளைகளோடு முகாமில் இருந்து கிளிநொச்சிக்குத் திரும்பியிருந்தார். 2012 ஓகஸ்ட் மாதம் எனக்கு எடுத்து, காலபோகத்துக்கு வயலை உழுது விதைக்க ஒரு லட்சம் ரூபா தரமுடியுமா என்று கேட்டார். அப்போது நாங்கள் கடன் கட்டிக்கொண்டிருக்கிறோம். கையில் ஒன்றும் இல்லை. ஆனால் போரில் எல்லாவற்றையும் இழந்த ஒருத்திக்குக் கனடாவில் இருந்துகொண்டு "இல்லை" என்று எப்படிச் சொல்லுவேன்? "பாப்பம் மச்சாள்" என்றேன். செப்டெம்பரிலும் அதையே சொன்னேன். ஒக்ரோபரில் தொலைபேசியில் அவருடைய இலக்கத்தைக் கண்டு எடுக்காமலே விட்டேன்.

மழை தொடங்கி, விதைப்புக் காலம் கடந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு நான் எடுத்தபோது அவர் கோபப்படவே இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "ஏலாதெண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா வேற ஆரிட்டையாவது கேட்டிருப்பன் மச்சாள். நீங்கள் தருவியள் எண்டு நான் ஆரிட்டையும் கேக்கேல்லை."

அந்த வருடம் அந்த வயல் தரிசாகக் கிடந்தது. நான் காசு கொடுக்காததால் அல்ல. நான் "இல்லை" என்ற சொல்லைக் கொடுக்காததால். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

அதற்குப் பிறகுதான் நான் இதை ஒரு பாடம் மாதிரிப் படிக்கத் தொடங்கினேன். நூலகத்தில் ஒரு புத்தகம் அகப்பட்டது. மனுவல் ஸ்மித் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975இல் எழுதியது. "நான் இல்லை என்று சொல்லும்போது எனக்குக் குற்ற உணர்வு வருகிறது" என்பதுதான் அந்தப் புத்தகத்தின் பெயரே! தலைப்பைப் பார்த்தவுடன் எனக்கென்றே எழுதினதுபோல் இருந்தது. அதில் எல்லாம் எங்களுக்குப் பொருந்தாது. கடைக்காரனோடும் மேலதிகாரியோடும் கதைக்கிற முறையில் பெரியம்மாவோடு கதைக்கமுடியுமா? ஆனால் ஒன்று பொருந்தும். கீறல் விழுந்த இசைத்தட்டுப்போல, கோபப்படாமல், குரலை உயர்த்தாமல், ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது. எங்களுடைய வழக்கம் அதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு தரமும் ஒரு புதுக் காரணம் சொல்லுவோம். "இந்த மாதம் கார் திருத்தவேணும்." அப்ப அடுத்த மாதம்? "அடுத்த மாதம் பிள்ளைக்குப் பல்லு." அப்ப அதுக்கடுத்த மாதம்? நாங்கள் சொல்லுகிற ஒவ்வொரு காரணமும் அவருக்கு ஒரு கேள்வியாகிவிடும். கடைசியில் காரணம் முடிந்துபோகும், கையெழுத்து வைப்போம்.

இன்னொன்று வாசித்தேன். பிரான்சிஸ் பிளின், வனெசா லேக் என்ற இருவர் செய்த ஒரு ஆய்வு 2008இல் வெளிவந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு சின்ன உதவி கேட்கச் சொல்லி ஆட்களை அனுப்பினார்கள். எத்தனை பேரைக் கேட்டால் ஐந்து பேர் சம்மதிப்பார்கள் என்று முதலே ஊகிக்கச் சொன்னார்கள். ஊகித்ததில் ஏறக்குறையப் பாதிப்பேரைக் கேட்டபோதே காரியம் முடிந்துவிட்டது. கேட்கிறவருக்கு, மற்றவருக்கு முகத்துக்கு நேரே மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது விளங்குவதில்லை என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. "விருப்பமில்லாவிட்டால் சொல்லுவினம்தானே" என்று நினைத்துத்தான் அநேகம் பேர் கேட்கிறார்கள். நாங்கள் உள்ளுக்குள் எரிந்துகொண்டு "எப்படி வாய் கூசாமல் கேட்டார் பார்" என்று மூன்று வருடம் சொல்லிக்கொண்டு திரிகிறோம். அவருக்கு எங்கள் எரிச்சலே தெரியாது.

பிறகு எங்கள் சொற்களைப் பற்றி யோசித்தேன். "ஏலாது" என்பதுதான் நாங்கள் அதிகம் பாவிக்கிற மறுப்பு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏலாது என்றால் இப்போது வசதியில்லை என்று பொருள். அப்படியென்றால் ஏலக்கூடிய நேரம் ஒன்று வரும், அதுவரை காத்திருக்கலாம் என்று கேட்டவர் நினைப்பார். "மாட்டன்" என்றால் முகத்தில் அடித்ததுபோல இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் பேச்சில் ஒரு அருமையான சொல் இருக்கிறது. "செய்யிறேல்லை." நாங்கள் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுறேல்லை என்கிறோம். அதற்கு யாராவது கோபிக்கிறார்களா? அப்ப சனிக்கிழமை சாப்பிடுவியளோ என்று கேட்பார்கள், வெள்ளிக்கிழமையை விட்டுவிடுவார்கள். அது அந்த ஆளுக்குச் சொன்ன மறுப்பு அல்ல, அந்த வீட்டு வழக்கம்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நானும் இவரும் குசினி மேசையில் இருந்து ஒரு இரவு முழுக்கக் கதைத்தோம். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. 2006இல் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று இவர் கேட்டார். நீங்கள் ஏன் என்னைப் பார்த்தீர்கள் என்று நான் கேட்டேன். வெளியாளுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத நாங்கள், உண்மையில் ஒருவருக்கொருவர் சொல்லப் பயந்துதான் இருந்தோம். அந்த இரவு முடிவு செய்தோம். இந்த வீட்டில் யாருக்கும் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறேல்லை. கொடுப்பதென்றால் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவுக்குக் கொடுப்பது, அதைக் கடன் என்று சொல்லாமல் கொடுப்பது. யார் என்ன கேட்டாலும் அந்த இடத்தில் பதில் இல்லை. ஆனால் "பாப்பம்" என்று சொல்லுவதும் இல்லை. "நாளைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு நானே எடுத்துச் சொல்லுறன்" என்பது. ஆறு மணிக்கு எடுக்கவேண்டும். பதில் இல்லை என்பதாக இருந்தால் கட்டாயம் எடுக்கவேண்டும்.

ஒன்றை இடையில் சொல்லவேண்டும். வீட்டுக்குள் "இல்லை" என்று சொன்னால் அடி விழும் என்ற நிலையில் இருக்கிற பெண்களுக்கு நான் இப்போது சொல்லுகிற முறை உதவாது. அது துணிச்சல் இல்லாத குறை அல்ல. முதலில் உங்களுடைய பாதுகாப்பு. நம்பிக்கையான ஒருவரிடம், உங்கள் குடும்ப வைத்தியரிடமாவது சொல்லுங்கள்.

2017இல் பரீட்சை வந்தது. உறவில் ஒரு பெடியன், எங்கள் கண்ணுக்கு முன்னால் வளர்ந்தவன். வீடு வாங்கப்போகிறான். ரொறன்ரோவில் வீட்டு விலை ஏறி நின்ற வருடம் அது. வருமானம் காணாது, கோ-சைன் வேண்டும். தாயையும் கூட்டிக்கொண்டு வந்தான். நான் தேத்தண்ணியை முதலே போட்டு வைத்துவிட்டேன், எழும்பிப் போகாமல் இருக்கவேண்டும் என்பதற்காக!

"ஒரு கையெழுத்துத்தானே அன்ரி" என்றான். அதே வசனம்.

"தம்பி, நாங்கள் ஒருத்தருக்கும் கையெழுத்து வைக்கிறேல்லை" என்றேன். அப்போது எனக்குக் கை நடுங்கியது உண்மை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

"ஏன் அன்ரி, என்னை நம்பேல்லையோ?"

"உன்னை நம்புறன் ராசா. ஆனா நாங்கள் ஒருத்தருக்கும் வைக்கிறேல்லை."

தாய்க்காரி தொடங்கினார். முந்தி அவர் எங்களுக்குச் செய்தவை எல்லாம் வந்தது. மகளைப் பார்த்துக்கொண்டது, என்னை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது. எல்லாம் உண்மை. நான் ஒன்றையும் மறுக்கவில்லை. "ஓமக்கா, நீங்கள் செய்ததை நான் மறக்கேல்லை. ஆனா கையெழுத்து வைக்கிறேல்லை." நாலு தரமோ ஐந்து தரமோ சொல்லியிருப்பேன். இவர் இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. "ரண்டு பேரும் கதைச்சு எடுத்த முடிவு அக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு, வீடு வாங்குகிறபோது வழக்கறிஞர் செலவுக்கு என்று 2,000 டொலர் கொடுப்போம், அதைத் திருப்பித் தரத் தேவையில்லை என்றோம். தாய் எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

இல்லை என்று சொன்னால் மற்றவர்கள் உங்களை மதிப்பார்கள் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். நான் அப்படி ஒரு உறுதிமொழி தரமாட்டேன். ஒன்றரை வருடம் அவர்கள் எங்களோடு கதைக்கவில்லை. பேத்தியின் சாமத்தியவீட்டுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. வேறு ஆட்களிடம் என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதும் என் காதுக்கு வந்தது. அது நொந்தது. ஆனால் அந்த நோவையும் ஐந்து வருடம் மாதம் 650 டொலர் கட்டிய நோவையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெடியன் பிறகு சின்னதாக ஒரு கொண்டோ வாங்கினான். 2,000 டொலரையும் வாங்கிக்கொண்டான். இப்போது வருகிறான், போகிறான். தாய் இன்னமும் கொஞ்சம் ஒரு மாதிரித்தான்.

ஏற்கெனவே யாருக்காவது கையெழுத்து வைத்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் என்றால், நாளைக்கே அந்த வங்கிக்குப் போய், மாதாந்தக் கணக்கு விபரம் உங்களுக்கும் வரும்படி கேளுங்கள். தவணை ஒன்று தவறினால் அந்த மாதமே உங்களுக்குத் தெரியவேண்டும், எங்களைப்போல ஆறு மாதம் கழித்து அல்ல. இனிமேல் வைக்கப்போகிறீர்கள் என்றால், பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லுங்கள். கடன் எடுக்கிறவருடைய வழக்கறிஞரிடம் அல்ல, உங்களுடைய சொந்த வழக்கறிஞர் ஒருவரிடம் தனியே போய்க் காட்டுங்கள். "அவ்வளவு நேரம் இல்லை, நாளைக்கே வைக்கவேணும்" என்று அவசரப்படுத்தினால், அதுவே உங்களுக்கு ஒரு பதில்தான்.

ஊரில் இருந்து வருகிற தொலைபேசிக்கு மட்டும் எனக்கு இன்றைக்கும் சரியான முறை தெரியாது. மச்சாளுக்கு இப்போது வருடத்தில் இரண்டு தரம், எவ்வளவு அனுப்புவோம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறோம். அதற்கு மேல் கேட்டால் அன்றைக்கே ஓம் அல்லது இல்லை. இல்லை என்று சொன்ன நாட்களில் எனக்கு இரவு நித்திரை வருவதில்லை. அவர் நித்திரை கொள்ளுவார், ஏனென்றால் வேறு எங்கே கேட்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

கடைசியாக அந்த அண்ணையைப் பற்றி. 2019 பெப்ரவரியில் சென்ற் ஜேம்ஸ் ரவுனில் அந்த ஏழு பேரில் ஒருவராக இருந்தவர் காலமானார். பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் அண்ணையைக் கண்டோம். ஒரு வாசல்தான் இருந்தது. இவர் போய்க் கையைப் பிடித்தார். இருவரும் கொஞ்ச நேரம் செத்தவரைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அண்டைக்கு நீ தேத்தண்ணி போட எழும்பிப் போனனி. எனக்கு அந்தக் கடையில அவ்வளவு நம்பிக்கை இருக்கேல்லை. நீ வந்து வேண்டாம் எண்டு சொல்லுவாய் எண்டு நான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் அவருக்குத் தொலைபேசி எடுக்கிறோம். காசைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.